உள்ளங்கை வியர்வைக்கு அறுவைச் சிகிச்சை: அதன் நெடுநாட் பலன்கள்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம் ஒரு பழமையான இயற்கைத் துறைமுகமாகும். ஆய் மன்னர் காலத்தில் சிறப்புற்றிருந்த இவ்வூர், இன்று மீன்பிடி துறைமுகமாகவும், 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்து வைக்கப்பெற்ற சரக்குக் கப்பல் துறைமுகமாகவும் விளங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்றும் இங்கு இயங்கி வருகிறது. தூண்டில் கயிறு இழுத்தல், வலை பழுது பார்த்தல், கரைசேர்ந்த மீனின் அளவைப் பதிவேட்டில் குறித்தல், முத்துச்சிப்பியினுள் நுண்ணிய கருவி கொண்டு உட்கருவைப் பதித்தல் என்று இங்கு நடைபெறும், நடைபெற்றுள்ள பணிகளுள் பலவும் கைத்திறனைச் சார்ந்தவையே.

இத்தகைய பணிகளில் ஈடுபடுவோருள் சிலருக்கு உள்ளங்கை எந்நேரமும் நனைந்திருக்கும். சிலருக்கு விரல் நுனியிலிருந்து வியர்வை சொட்டுவதும் உண்டு. கடலில் தொழில் செய்பவனுடைய கை எப்படியும் நனைந்தே இருப்பதால், அவனுக்கு இஃது ஒரு குறையாகத் தோன்றாமற் போகலாம். ஆனால் கரையில் அமர்ந்து எழுதுபவருக்கும், தையல் தொழில் செய்பவருக்கும், தேர்வு எழுதும் மாணவனுக்கும் இது பெருந்தொல்லையாகும். எழுதிய மை கலைகிறது, தாள் கிழிகிறது, விரல்ரேகைக் கருவி விரலை ஏற்க மறுக்கிறது, பிறர் கையைப் பற்ற மனம் கூசுகிறது.

இக்குறையை ஒரே நாளில் போக்கவல்ல அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு. மயக்க மருந்தின் உறக்கத்திலிருந்து நோயாளி விழிக்கும்போதே அவர் கைகள் உலர்ந்தும் வெம்மையாகவும் இருக்கும். மருத்துவத்தில் இவ்வளவு விரைவாகப் பலன் தெரியும் சிகிச்சைகள் சிலவே. எனினும், இச்சிகிச்சையின் மதிப்பை முதல் நாளின் மகிழ்ச்சியைக் கொண்டு அளவிடுதல் பொருந்தாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நோயாளி என்ன கூறுகிறார் என்பதே சரியான அளவுகோலாகும். விழிஞ்ஞம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரையில் வாழ்வோருக்கு இக்கணக்கு மிகவும் இன்றியமையாதது. அதற்குரிய காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியர்வையின் பணி

மனித உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை மிக நெருக்கமாக அமைந்துள்ளன. முதுகில் உள்ளதைப்போல் பல மடங்கு நெருக்கம் அங்கே காணப்படும். உடலின் வெப்பநிலையை ஒரே அளவில் நிறுத்தி வைப்பதே வியர்வையின் தலையாய பணி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால், அது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இவ்வளவு வெப்பத்தைக் கொண்டு, 30 டிகிரியில் உள்ள 8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கடும் வெயிலில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரோ, அதற்கு மேலுமோ வியர்ப்பது இயல்பு.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உடலைக் குளிரச் செய்வது ஆவியாகும் வியர்வையே. வழிந்து சொட்டும் வியர்வையால் அப்பயன் இல்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருக்குமாயின் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் திருவனந்தபுரக் கரையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-ஐ ஒட்டியோ அதற்கு மேற்பட்டோ இருத்தல் வழக்கம். ஆகவே, இக்கரையில் உழைப்பவருடைய உடல், தன்னைக் குளிர்விக்கும் பொருட்டு, வறண்ட நாட்டில் இருப்பவரைவிடப் பரந்த தோற்பரப்பை ஈரமாக வைத்திருக்க வேண்டியதாகிறது.

உள்ளங்கை வியர்வை இதனின்றும் சற்று வேறுபட்டது. வெப்பத்தைக் காட்டிலும் மனக் கிளர்ச்சியே அதனைப் பெரிதும் தூண்டுகிறது. அச்சம், பதற்றம், ஒருமுனைப்பட்ட கவனம் ஆகியவை தோன்றும்போது உள்ளங்கை நனைகிறது. அளவான ஈரம் கைப்பிடிக்கு உறுதி அளிப்பதால், இவ்வேற்பாடு பயனற்றது என்று கூறுவதற்கில்லை. இவ்விரு வகை வியர்வையையும் ஆள்வது பரிவு நரம்பு மண்டலமே. முதுகெலும்பின் இருமருங்கிலும் மணிமாலைபோல் இறங்கிச் செல்லும் நரம்பு முடிச்சுகள் இம்மண்டலத்தின் முக்கிய பகுதியாகும். கைகளுக்குச் செல்லும் ஆணைகள், மார்புப் பகுதியின் மேற்புறத்தில் விலா எலும்புகளின் தலைப்பகுதியை ஒட்டியுள்ள முடிச்சுகளின் வழியே செல்கின்றன.

நோயை அறியும் முறை

உடலுக்குத் தேவையான அளவைக் கடந்து குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வியர்வை பெருகுவதை முதல்வகை மிகைவியர்வை என்பர். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் ஆகியவை அவ்விடங்கள். இஃது அரிய நோயன்று. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மக்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கு மிகைவியர்வை இருப்பதாகத் தெரியவந்தது. பெரும்பாலும் சிறுவயதிலோ பருவமடையும் காலத்திலோ இது தொடங்குகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்குக் காணப்படுவதும் உண்டு.

அதே ஆண்டில் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று இந்நோயை அறிவதற்கான அடையாளங்களை வகுத்தது. வெளிப்படையான காரணமின்றி ஆறு மாதங்களுக்குக் குறையாமல் ஓரிடத்து வியர்வை மிகுந்திருத்தல் வேண்டும். அதனோடு பின்வரும் ஆறனுள் இரண்டேனும் பொருந்தவேண்டும்: உடலின் இருபுறமும் ஒத்து வியர்த்தல், அன்றாடப் பணிக்கு இடையூறாதல், வாரத்திற்கு ஒருமுறையேனும் நிகழ்தல், 25 வயதிற்கு முன் தொடங்கியிருத்தல், குடும்பத்தில் வேறொருவருக்கும் இருத்தல், உறக்கத்தில் நின்றுவிடுதல். இவற்றை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டா. பொறுமையாகக் கேட்டறியும் ஆசிரியரும் களப் பணியாளருமே இவற்றை எளிதில் அறியலாம்.

வியர்வை எவ்விடத்தில் மிகுந்துள்ளது என்பதைக் காட்டுவதற்கு மைனர் என்பவர் 1928-ஆம் ஆண்டில் விளக்கிய சோதனை இன்றும் பயன்படுகிறது. தோலின்மீது அயோடின் கரைசலைத் தடவி, உலர்ந்தபின் மாவுப்பொடியைத் தூவினால், வியர்வை வெளிப்படும் இடங்கள் மட்டும் கருநீலமாக மாறும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாவுப்பொருளை அறிவதற்குச் செய்யப்படும் அதே சோதனை இங்கு வேறொரு பணிக்கு உதவுகிறது.

உடல் முழுவதும் வியர்த்தலும், புதிதாகத் தோன்றும் வியர்வையும் வேறு நோய்களின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். இரவில் உடை நனையும்படி வியர்த்து, இருமலும் உடல் மெலிவும் இருப்பின் காசநோய்ச் சோதனை வேண்டும். படபடப்பும் எடைக்குறைவும் சேர்ந்திருப்பின் கேடயச் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். நீரிழிவுக்கு மருந்து கொள்பவர் திடீரென வியர்த்து நடுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டதென்று கருதி, உணர்வுடன் இருப்பவராயின் உடனே இனிப்பு கொடுத்தல் வேண்டும். மார்பு வலியுடன் கூடிய குளிர்ந்த வியர்வை மாரடைப்பின் அடையாளமாக இருக்கலாம். பூச்சி மருந்து தெளித்தவர் மிகையாக வியர்த்து, எச்சில் பெருகி, கண்மணி சுருங்கிக் காணப்பட்டால் அது நஞ்சேறியதன் குறியாகும். இவ்விரு நிலைகளிலும் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் செய்யத்தக்கவை

அறுவையை நாடுவதற்கு முன்னர்க் கையாளவேண்டிய முறைகள் பல உள்ளன. அலுமினியம் குளோரைடு கரைசலை இரவில், நன்கு துடைத்து உலர்த்திய தோலின்மீது தடவி, காலையில் கழுவிவிடுதல் முதல் முறையாகும். உப்பு வியர்வைக் குழலின் வாயை அடைத்துவிடுவதால் சுரப்பு குறைகிறது. அக்குளில் இது நன்கு பயன்படுகிறது. உள்ளங்கையின் தடித்த தோலில் பயன் குறைவாயினும் முயன்று பார்க்கத் தக்கதே. தோல் எரிச்சல் உண்டானால் மருந்தின் வலிமையையோ, தடவும் நாட்களையோ மருத்துவர் குறைப்பார்.

இரண்டாவது முறை மின் சிகிச்சையாகும். இரு தட்டுகளில் நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கையை வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவுள்ள நேர்மின்னோட்டத்தை 20 அல்லது 30 நிமிடம் செலுத்துவர். வாரத்தில் மூன்று நான்கு முறை வீதம் சில வாரங்கள் செய்தபின் வியர்வை குறைகிறது. பிறகு, வாரத்திற்கு ஒருமுறை செய்துவந்தால் பலன் நிலைக்கும். 1968-ஆம் ஆண்டில் லெவிட் என்னும் மருத்துவர் இதற்கென எளிய கருவி ஒன்றை விளக்கிய பின்னர் இம்முறை பரவியது. கருவுற்றிருப்போரும், இதயத்திற்கு மின்கருவி பொருத்தப்பெற்றோரும் இதனை மேற்கொள்ளலாகாது. விஞ்ஞான ஆசிரியர்கள் இங்கு ஓர் எச்சரிக்கையை மாணவர்க்குக் கூறுதல் கடமையாகும். நனைந்த தோல் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆதலின், வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இக்கருவியைத் தாமே அமைக்க முயல்வது உயிருக்கே கேடாக முடியும்.

மூன்றாவது முறை, போட்டுலினம் நச்சினை மிகச் சிறிய அளவில் தோலினுள் ஊசிமூலம் செலுத்துவதாகும். நரம்பின் ஆணை சுரப்பியைச் சென்றடையாமல் இது தடுக்கிறது. அக்குள் வியர்வைக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2004-ஆம் ஆண்டில் இசைவளித்தது. இதன் பலன் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடிக்கும். உள்ளங்கையில் ஊசி போடும்போது வலி மிகுதி. பிடியின் வலிமை சிறிது காலம் தளர்தலும் உண்டு. செலவும் அதிகம்.

வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகளும் உள்ளன. இவை உடல் முழுவதிலும் வேலை செய்வதால் வாய் உலர்தல், பார்வை மங்குதல், மலச்சிக்கல் ஆகியவை நேரலாம். வெயிலில் உழைப்பவர் இவற்றை உட்கொண்டால், உடலைக் குளிர்விக்கும் வியர்வையும் குறைந்து வெப்பத்தாக்கு உண்டாகும் அபாயம் உளது. படகில் செல்வோரும் துறைமுகத்தில் உழைப்போரும் தங்கள் தொழிலின் இயல்பை மருத்துவரிடம் கூறாமல் இம்மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

அறுவை முறையின் வரலாறு

பரிவு நரம்பை வெட்டும் அறுவை முதன்முதலில் வியர்வைக்காகச் செய்யப்பட்டதன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து அலெக்சாண்டர் 1889-ஆம் ஆண்டில் காக்காய் வலிப்புக்கு இதனைக் கையாண்டார். பின்னர் இதயவலி, இரத்தக் குழாய் நோய்கள் ஆகியவற்றுக்கும் முயன்று பார்த்தனர். 1920-ஆம் ஆண்டில் கோட்சரேப் என்பவர் மிகைவியர்வைக்கு இவ்வறுவையைச் செய்தார். அக்காலத்தில் மார்பையோ முதுகையோ கழுத்தையோ அகலத் திறந்தே நரம்பை அடைய வேண்டியிருந்தது. காயம் பெரிது, குணமாக நாட்கள் பல ஆயின. எனவே மிகவும் துன்புற்றோர் மட்டுமே இதற்கு இசைந்தனர்.

சுவீடனின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் ஜாகோபியஸ் என்பவர் 1910-ஆம் ஆண்டில், சிறு துளையின் வழியே குழாய்க்கண்ணாடியைச் செலுத்தி மார்பறையின் உட்புறத்தைக் காணும் முறையை வெளியிட்டார். அம்முறையைக் கொண்டு 1942-ஆம் ஆண்டில் ஹியூஸ் என்பவர் பரிவு நரம்பை அறுத்தார். ஆஸ்திரியாவில் குக்ஸ் என்பவர் 1,400-க்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்து, அவற்றின் விவரத்தை 1954-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எனினும், நுண்ணிய ஒளிப்படக் கருவியைக் குழாயில் பொருத்தி, உட்புறத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும் வசதி ஏற்பட்ட பின்னரே, அதாவது 1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, இவ்வறுவை உலகெங்கும் பரவலாயிற்று. காயம் சிறிதானதும், சிறு துன்பம் உடையவர்களும் அறுவையை நாடத் தொடங்கினர். பின்விளைவுகளைப் பற்றிய கேள்வி வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அறுவை செய்யப்படும் விதம்

நோயாளிக்கு முழு மயக்கம் அளித்து, அக்குளை ஒட்டி ஒன்று அல்லது இரண்டு சிறு துளைகள் இடுவர். அப்புறத்து நுரையீரலைச் சிறிது நேரம் சுருங்கச் செய்தால், விலா எலும்புகளின் தலைப்பகுதிமேல் செல்லும் வெண்ணிற நரம்பிழை திரையில் தெளிவாகத் தெரியும். அதனை வெட்டுவர், அல்லது மின்சூட்டினால் கரிப்பர், அல்லது உலோகக் கவ்வியால் நெருக்குவர். பின்னர் நுரையீரலை விரியச் செய்து துளையை மூடுவர். மறுபுறத்திலும் இவ்வாறே செய்யப்படும். பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுவர்.

நரம்பை எந்த மட்டத்தில் வெட்டுவது என்பது மிக முக்கியமானது. முன்னாளில் இரண்டாவது விலா எலும்பின் மட்டத்தில் வெட்டுதல் வழக்கமாயிருந்தது. அதனால் கையோடு முகமும் தலையும் வியர்வையை இழந்தன. அதற்கும் மேலுள்ள முடிச்சுக்கு ஊறு நேர்ந்தால் கண்ணிமை தாழ்ந்து கண்மணி சுருங்கிவிடும். அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் வல்லுநர் குழு 2011-ஆம் ஆண்டில், மட்டத்தை விலா எலும்பின் எண்ணால் குறிக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது. உள்ளங்கை முற்றும் உலர மூன்றாம் விலா மட்டம் சிறந்தது. நான்காம் விலா மட்டத்தில் வெட்டினால் கையில் சிறிது ஈரம் எஞ்சினும், பிற இடங்களில் வியர்வை பெருகுவது குறையக்கூடும் என்று அக்குழு கருதியது.

நெடுநாட் பலன்கள்

இவ்வறுவைக்குப் பின் நேரும் தொல்லைகளுள் தலையாயது ஈடுசெய் வியர்வை எனப்படுவது. கை உலர்ந்த பின்னர் முதுகு, வயிறு, தொடை, இடுப்பு ஆகிய இடங்களில் முன்பு இல்லாத அளவு வியர்வை பெருகுகிறது. சிலருக்கு இது சிறு அசௌகரியமே. சிலருக்கோ ஒரு நாளில் பலமுறை உடை மாற்றவேண்டிய அளவுக்கு முற்றுகிறது. வேறு சிலருக்கு, உண்ணும்போது முகத்தில் வியர்வை அரும்புகிறது. காரமும் புளிப்பும் அதனை மிகுவிக்கின்றன.

வியன்னாவில் செய்யப்பட்ட 480 அறுவைகளின் பலனை ஆராய்ந்து, 1994-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வு இத்துறையில் குறிப்பிடத் தக்கது. அறுவை முடிந்து சராசரியாக ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தபின் நோயாளிகளை வினவினர். கை உலர்ந்த நிலை பெரும்பாலோர்க்கு நீடித்திருந்தது. ஆனால் தொடக்கத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மனநிறைவு கொண்டிருக்க, ஆண்டுகள் கழிந்தபின் முழு மனநிறைவு கூறியவர் நூற்றுக்கு 67 பேரே. ஈடுசெய் வியர்வை நூற்றுக்கு 67 பேருக்கும், உண்ணும்போது வியர்த்தல் நூற்றுக்கு 51 பேருக்கும் காணப்பட்டன. கண்ணிமைத் தாழ்வு நூற்றுக்கு 2.5 என்னும் அளவில் நேர்ந்திருந்தது.

இவ்வெண்களை இருபுறமும் நோக்கிப் படித்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மூவரில் இருவர் முழு மனநிறைவு கொண்டிருந்தனர் என்பது சிறிய வெற்றியன்று. ஈடுசெய் வியர்வை இருந்தும் அதனைப் பொறுத்துக்கொண்டு, உலர்ந்த கையைப் பெரும்பேறாகக் கருதியோர் பலர். ஆயினும், முதல் ஆண்டின் மகிழ்ச்சி முழுமையாக நிலைப்பதில்லை என்பதும் தெளிவு. ஈடுசெய் வியர்வையின் அளவைப் பற்றிப் பிற ஆய்வுகள் தரும் எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன. வெட்டும் மட்டம், வினவிய முறை, நாட்டின் தட்பவெப்பம் ஆகியவை அவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகும்.

மார்பறையில் காற்றுத் தங்குதல், குருதி கசிதல், இதயத் துடிப்பு சற்றுக் குறைதல், கை அளவுமீறி உலர்ந்து வெடித்தல், சிலருக்கு வியர்வை மீண்டும் தோன்றுதல் ஆகியவையும் அறியத்தக்கன. உள்ளங்காலின் வியர்வை இவ்வறுவையினால் உறுதியாகக் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே: வெட்டிய நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நம்பகமான வழி இல்லை. கவ்வி இட்டிருப்பின் அதனை எடுத்துவிடலாம் எனினும், எடுத்தபின் பழைய நிலை திரும்பும் என்று உறுதி கூற இயலாது.

வெப்பமான கரையில் இதன் பொருள்

இடம் மாறி வியர்ப்பது ஏன்? கையில் சுரக்கவேண்டிய நீர் வேறு வழி தேடிச் செல்கிறது என்று முன்னாளில் எண்ணினர். அவ்விளக்கம் முழுமையானதன்று. உடல் வெப்பத்தை ஆளும் மையம் மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. அம்மையத்திற்கும் தோலுக்கும் இடையே செய்திகள் இருவழியாகவும் சென்று வருகின்றன. நரம்பை வெட்டுவதனால் இச்செய்திச் சுற்றின் ஒரு பகுதி அறுபட்டு, மையத்தின் ஆணை எஞ்சிய இடங்களில் மிகைப்படுகிறது என்று பலர் இன்று கருதுகின்றனர். நரம்பை உயர்ந்த மட்டத்தில் வெட்டினால் கை, முகம், கழுத்து, மேல்மார்பு ஆகியவை வியர்வையை இழக்கின்றன. உடலைக் குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் கீழ்ப்பகுதியைச் சார்கிறது.

குளிர்நாட்டில் அலுவலகத்தில் அமர்ந்து பணிசெய்வோர்க்கு இஃது ஆண்டில் சில வாரங்களே தொல்லை தரும். விழிஞ்ஞத்தில் நிலைமை அவ்வாறன்று. இங்கு ஆண்டின் பெரும்பகுதி வெம்மையும் ஈரமும் உடையது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் முதுகிலும் வயிற்றிலும் பெருகும் வியர்வை ஆவியாகாமல் உடையில் தங்கிவிடும். வியர்க்குருவும் படையும் தோன்ற அது இடமளிக்கும். நிழலில், மின்விசிறியின் கீழ்ப் பணிசெய்யும் எழுத்தருக்கு உலர்ந்த கை பெரும் பேறாகலாம். படகுத்துறையில் வெயிலில் நின்று மீன்வரவைக் குறிக்கும் பணியாளருக்கோ, கடலில் தூண்டில் இடும் மீனவருக்கோ, அதே அறுவை நட்டமான பேரமாக முடியக்கூடும். மேலும், உப்பு நீரில் பழகும் கை அளவுமீறி உலர்ந்தால் வெடிப்பும் புண்ணும் மிகும். ஒரே அறுவை, ஒரே மருத்துவர், ஒரே வெற்றி. ஆனால் தொழிலுக்கும் இடத்திற்கும் ஏற்பப் பலன் வேறாகிறது.

நம் கரையைப்போன்றே வெம்மையும் ஈரமும் உடைய தைவான் தீவின் அனுபவம் இங்கு நினைக்கத் தக்கது. அங்கு இவ்வறுவை இளைஞரிடையே மிகப் பரவியிருந்தது. ஈடுசெய் வியர்வை பற்றிய முறையீடுகள் பெருகியதன்பின், 2004-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதாரத்துறை, 20 வயது நிரம்பாதோர்க்கு இவ்வறுவையைச் செய்யலாகாது என்று தடை விதித்தது. வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் மாற்றத்தைப் பற்றித் தாமே எண்ணித் துணியும் வயது வரவேண்டும் என்பதே அத்தடையின் கருத்தாகும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கவை

2011-ஆம் ஆண்டு வல்லுநர் குழுவின் கருத்துப்படி, இவ்வறுவைக்கு மிகவும் தகுந்தவர் பின்வரும் இயல்புகள் உடையவரே: 16 வயதிற்கு முன்பே நோய் தொடங்கியவர்; அறுவையின்போது 25 வயதைக் கடவாதவர்; உடற்பருமன் இல்லாதவர்; உறக்கத்தில் வியர்க்காதவர்; வேறு நோய் இல்லாதவர்; இதயத் துடிப்பு இயல்பிலேயே மிகக் குறைவாக இல்லாதவர். முகம், அக்குள் ஆகியவற்றைவிட உள்ளங்கை வியர்வைக்கே பலன் சிறந்தது.

அறுவையை எண்ணும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. எம்முறைகள் இதுவரை முயலப்படவில்லை? எந்த விலா மட்டத்தில் நரம்பு வெட்டப்படும்? இதே மருத்துவரிடம் அறுவை செய்துகொண்டோர் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து எவ்வாறு உள்ளனர்? வெயிலில் செய்யும் தொழிலுக்கு அறுவை எவ்வாறு பொருந்தும்? இவற்றுக்கு நேரிய விடை கிட்டும்வரை காத்திருப்பதனால் எத்தகைய தீங்கும் இல்லை. ஏனெனில், மிகைவியர்வை உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. கடன்பட்டு விரைந்து அறுவை செய்துகொள்வதைக் காட்டிலும், முதலில் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை நாடுவதே முறையாகும்.

பள்ளியில் ஆசிரியரால் ஆகக்கூடியது மிகுதி. நனைந்த கையுடைய மாணவனைக் கவனக்குறைவுடையவன் என்று கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் மனக்கலக்கம் மிகுந்து வியர்வையும் மிகும். எழுதும்போது கைக்கடியில் ஒற்றுத்தாளோ சிறு துணியோ வைத்துக்கொள்ள இசைவளிக்கலாம். எளிதில் கலையாத மையுடைய எழுதுகோலைப் பரிந்துரைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் மின்கருவிகளைத் தொடுமுன் கையை நன்கு துடைத்து உலர்த்தச் செய்தல் வேண்டும். பிற மாணவர்கள் எள்ளி நகையாடுவதைத் தடுத்தல் வேண்டும். விரல்ரேகை பதியாத காரணத்தால் எவருக்கும் உரிய பொருளோ ஊதியமோ தடைபடாதவாறு மாற்றுவழி காட்டுதல் களப் பணியாளரின் கடமையாகும்.

உள்ளங்கை வியர்வைக்கான அறுவை பயனற்றது என்பதன்று இக்கட்டுரையின் முடிபு. தக்கவர்க்கு, தக்க வயதில், பிற முறைகள் யாவும் பயன்தராத நிலையில் அது சிறந்த உதவியே. ஆனால் அது வியர்வையை அழிப்பதில்லை. பெரும்பாலோரிடத்தில் இடம் மாற்றுகிறது. அவ்வாறு மாறிய வியர்வையுடன் இந்தக் கரையில், இந்த வெயிலில், இந்தத் தொழிலில் பல்லாண்டு வாழ இயலுமா என்று நோயாளி தானே அமைதியாக எண்ணித் துணிதல் வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளை முன்கூட்டியே அவரிடம் சேர்ப்பது, அவரோடு நாள்தோறும் பழகும் ஆசிரியரும் களப் பணியாளரும் ஆற்றக்கூடிய நற்பணியாகும்.